பழைய விண்ட்சர்ஃபிங் பலகை வாங்கும் முன்: சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கரையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் கரையில் உட்கார்ந்து, பலகைமேல் நின்று காற்றைப் பிடிக்க வேண்டிய பாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து குந்துவார். பயிற்சி வகுப்பு முடித்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். தண்ணீரில் விழுந்த பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்க வரும், போய்த் திரும்பவும் வரும். வாடகைப் பலகை அலுத்துப்போயிருக்கும். "அக்கா, கரோசெல்லில் ஒன்று பார்த்தேன், வாங்கலாமா?" என்று அந்தப் பழைய பொருள் விற்கும் தளத்தைக் கைப்பேசியில் திறந்து நீட்டுவார். பன்னிரண்டு வருடமாக இந்தக் கரையில் பாய் பிடிக்கிறேன். இதுவரை ஆறு பலகை வாங்கி நான்கை விற்றிருக்கிறேன், எல்லாமே பழையவை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சொந்தமாக வாங்கும் அளவுக்கு நான் தேறிவிட்டேனா?

மூன்று விஷயம் பார்ப்பேன். சிற்றலை அடிக்கும்போதும் தடுமாறாமல் பாயைத் தூக்கி நிறுத்த வருகிறதா? இரண்டு பக்கமும் திரும்ப வருகிறதா? அப்புறம், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர முடிகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் இருநூறு மீட்டர் தள்ளிக் கரையேறி, பலகையைச் சுமந்துகொண்டு மணலில் நடந்து வருகிறீர்கள் என்றால், காற்று வரும் திசையை நோக்கி ஏறிப்போவது இன்னும் கைவரவில்லை என்று அர்த்தம். அதுவரை வாடகைப் பலகையே போதும்.

ஹார்னஸ் (பாயின் இழுப்பை உடம்பால் தாங்க இடுப்பில் கட்டும் பட்டை) மாட்டத் தெரியாது, பலகைமேல் உள்ள கால்வாரில் காலை நுழைத்ததே இல்லை என்று சிலர் தயங்குகிறார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அதெல்லாம் சொந்தப் பலகையில்தான் படியும். வாரத்துக்கு ஒரு பலகை மாறினால் உடம்புக்கு ஒன்றும் பழகாது.

எனக்கு எத்தனை லிட்டர் பலகை சரிப்படும்?

கொள்ளளவு லிட்டரில் பெரும்பாலும் பலகையின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்கவிடும். கடல்நீர் நல்லதண்ணீரைவிடச் சற்று அடர்த்தி என்பதால் கொஞ்சம் கூடவே தாங்கும். இனி கூட்டிப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பலகையும் அதன் அடியில் பின்பக்கம் மாட்டும் மீன்துடுப்பு போன்ற ஃபின்னும் 9 கிலோ. பாய், அதைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பான பூம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 9. உயிர்காப்பு அங்கி, ஹார்னஸ், நனைந்த உடை 3 கிலோ. மொத்தம் 91. அப்படியானால் 90 லிட்டர் பலகைமேல் நீங்கள் ஏறி நின்றால், காற்று தள்ளாதவரை அது தண்ணீர் மட்டத்திலேயே ஊசலாடும். நிலையாக நின்று பாயைத் தூக்க அதற்கு மேல் 50 லிட்டராவது உபரி வேண்டும். ஆக 140.

நம் கடலுக்கு நான் அதையும் சற்று ஏற்றியே சொல்வேன்: உடல் எடையோடு 75 முதல் 90 வரை கூட்டுங்கள். 70 கிலோக்காரருக்கு 145 முதல் 160 லிட்டர். எனக்கு எடை 58 கிலோ. இன்றைக்கும் நான் அதிகம் எடுத்துப்போவது 138 லிட்டர் பலகைதான்.

லிட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அகலத்தையும் அளந்து பாருங்கள். 75 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 80 இருந்தால் இன்னும் நல்லது. ஒரே 140 லிட்டரை நீளமாக ஒடுக்கியும் செய்யலாம், குட்டையாக அகட்டியும் செய்யலாம். ஒன்று வரப்பில் நிற்பதுபோல, மற்றது திண்ணையில் நிற்பதுபோல. பாயைத் தூக்கும்போது கால் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் காணொளிகளில் இதைவிடச் சின்னப் பலகை வாங்கச் சொல்கிறார்களே?

அவர்கள் அவர்களுடைய காற்றுக்குச் சொல்கிறார்கள். 18 நாட், 20 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்றில் பலகை நீரைப் பிளந்துகொண்டு போவதை விட்டு, நீர்மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கிவிடும். பிளேனிங் என்பது அதுதான். எழும்பிய பலகைக்கு லிட்டர் பெரிதாகத் தேவையில்லை, வேகமே அதைத் தாங்கும். நமக்கு அந்தக் காற்று வருடத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது?

சிங்கப்பூரின் வருடத்தைப் பாருங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று, தமிழ்நாட்டு மீனவர்கள் வாடை என்று சொல்லும் காற்று. ஜனவரி, பிப்ரவரியில் அது திடமாக வீசும். 12, 15 நாட் கிடைக்கும் பிற்பகல்கள் அப்போது உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவம். பெயர் அப்படியென்றாலும் இங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வீசும். ஈஸ்ட் கோஸ்ட்டில் அது கடலிலிருந்து கரையை நோக்கி வரும் காற்று, கற்றுக்கொள்பவர்களுக்குப் பாதுகாப்பானது, ஆனால் மென்மையானது. நடுவில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பாய் ஆடாமல் தொங்கும் நாட்களே அதிகம். வருடக் கணக்கில் பார்த்தால் நாம் பெரும்பாலும் 6 முதல் 10 நாட் காற்றில்தான் இருக்கிறோம். உங்கள் பலகையை அந்த நாட்களுக்காக வாங்குங்கள்.

இதை நான் பணமும் பயமும் கொடுத்துத்தான் கற்றேன். என் முதல் பலகை 105 லிட்டர், அகலம் 62 செ.மீ. ஒரு பிப்ரவரி மாதம் வாங்கினேன். விலை நல்ல விலை, பலகையும் பழுதில்லாத பலகை. இரண்டு வாரம் வாடை நன்றாக வீசியது, நானும் சமாளித்தேன். ஏப்ரலில் ஒரு நாள் அலைதடுப்புக் கற்களைத் தாண்டி வெகுதூரம் போனபின் காற்று நின்றுவிட்டது. பலகை கணுக்கால்வரை அமிழ்ந்தது. பாயைத் தூக்கக் குனிந்தால் முன்பக்கம் மூழ்கும், நிமிர்ந்தால் பின்பக்கம் மூழ்கும். பதினோரு முறை முயன்றேன். பதினோராவது முறை கையில் பிடி இல்லை. அதற்குள் நீரோட்டம் என்னை மேற்கே நகர்த்திவிட்டது. நங்கூரமிட்ட கப்பல்கள் வழக்கத்தைவிடப் பக்கத்தில் தெரிந்தன. மீட்புப் படகு வந்து கயிறு வீசித்தான் கரை சேர்ந்தேன். அந்தப் பலகை நல்ல பலகைதான், என் கடலுக்கும் என் தேர்ச்சிக்கும் பொருந்தாத பலகை. ஜூனில் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நட்டத்துக்கு விற்றேன்.

டேகர்போர்டு உள்ள பலகைதான் வாங்க வேண்டுமா?

டேகர்போர்டு என்பது பலகையின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கத்தி போன்ற பாகம். வேண்டாதபோது காலால் தள்ளினால் உள்ளே மடங்கிக்கொள்ளும். மெல்லிய காற்றில் பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து, காற்று வரும் திசையை நோக்கி ஏறிப்போக உதவுவது இதுதான். பின்னால் இருக்கும் ஃபின்னும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் வேகம் வந்தால்தான் செய்யும். 6 நாட் காற்றில் வேகம் எங்கிருந்து வரும்?

உங்கள் முதல் சொந்தப் பலகைக்கு டேகர்போர்டு இருக்கட்டும் என்பதே என் கருத்து. சாங்கிப் பக்கம் பாய் பிடிப்பவர்களாக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன். அங்கே ஏற்ற இறக்க நீரோட்டம் வலுவானது. காற்று மெலிந்து நீரோட்டம் எதிர்த்தால், டேகர்போர்டு இல்லாத பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், இல்லாவிட்டால் பின்னால் போகும்.

வாங்கும்போது அதைப் பத்து முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். மணல் புகுந்து இறுகிப்போனதும் உண்டு, லொடலொடவென்று தானாக விழுவதும் உண்டு. கீழே அதன் பிளவை மூடும் ரப்பர் உதடுகள் கிழிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சுற்றியுள்ள பெட்டியில் விரிசல் இருந்தால் வேண்டாம்.

இங்கே விற்பனைக்கு வருபவை எந்த மாதிரிப் பலகைகள்?

அதிகம் கண்ணில் படுவது டெக்னோ 293. நீளம் 293 செ.மீ., அகலம் 79 செ.மீ., கொள்ளளவு 205 லிட்டர், டேகர்போர்டு உண்டு. இளையர் போட்டிகளுக்கான பலகை. 2010-இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் போட்டி இதில்தான் நடந்தது. பிள்ளைகள் வளர்ந்து அடுத்த வகைக்கு மாறும்போது பெற்றோர் விற்பார்கள். அழகான பலகை என்று சொல்ல மாட்டேன், கனமும் அதிகம். ஆனால் நம் காற்றுக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது. 50 முதல் 75 கிலோ உள்ள பெரியவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது ஆர்எஸ்எக்ஸ். 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக்வரை இருந்த ஒலிம்பிக் வகை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஐக்யூஃபாயில் அதன் இடத்தைப் பிடித்ததால் பழைய ஆர்எஸ்எக்ஸ்கள் மலிவாக வருகின்றன. மலிவைப் பார்த்து எடுக்காதீர்கள். 93 செ.மீ. அகலம், 60 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமான ஃபின், 8.5 அல்லது 9.5 சதுர மீட்டர் பாய். தேறிவரும் ஒருவர் அந்தப் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்குள்ளேயே களைத்துவிடுவார்.

மூன்றாவது, பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் செய்த அகலப் பலகைகள். ஸ்டார்போர்டு கோ, ஃபனாடிக் வைப்பர் போன்றவை. மேலே மிருதுவான மெத்தை ஒட்டியிருக்கும், முட்டி உரசாது. சிலவற்றில் டேகர்போர்டு உண்டு, சிலவற்றில் இல்லை. நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். படகு மன்றங்களும் பயிற்சி மையங்களும் வாடகைப் பலகைகளைக் கழித்து விற்கும்போதும் இவை வரும். கீறல் நிறைய இருக்கும், ஆனால் அடி தாங்கவே செய்த பலகைகள்.

டேகர்போர்டு இல்லாத 120, 130 லிட்டர் ஃப்ரீரைடு பலகைகளை (நல்ல காற்றில் சறுக்கிப்போகச் செய்த பொழுதுபோக்குப் பலகைகள்) உங்கள் இரண்டாவது பலகையாக வைத்துக்கொள்ளலாம். 55 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் இப்போதே பார்க்கலாம்.

1990-களின் பலகைகளை விட்டுவிடுங்கள், இலவசம் என்றாலும். 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் பலகைகள் அகலமாயின. அதற்கு முந்தியவை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். அவற்றுக்கு ஃபின்னும் உதிரிப் பாகமும் தேடுவதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

நேரில் போய்ப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று, ஒரு பத்துக் காசு நாணயம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய துண்டு. இவற்றை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள்.

முதலில் துண்டால் உப்பையும் தூசியையும் துடையுங்கள். பிறகு மேல்தளம் முழுவதும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பலகையின் உள்ளே நுரைக்கட்டை, அதன்மேல் கண்ணாடியிழைத் தோல். தோல் ஒட்டியிருக்கும் இடம் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்த இடம் தொப் என்று மந்தமாகக் கேட்கும். சந்தேகமாக இருந்தால் நாணயத்தின் விளிம்பால் தட்டுங்கள், வித்தியாசம் இன்னும் தெளிவாகும். குதிகால் ஊன்றும் இடங்கள், கால்வார்களுக்கு நடுவே உள்ள பகுதி, மாஸ்ட் பொருத்தும் தடத்தைச் சுற்றி, இவற்றில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழைய மெத்தை இட்லிபோல அமுங்கலாம். அதற்குக் கீழே உள்ள தளம் அமுங்கக்கூடாது.

அடுத்தது மூக்கு. பாயோடு தூக்கியெறியப்படும்போது மாஸ்ட் போய் இடிப்பது அங்கேதான். விரிசலில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டாத மேல்பூச்சு விரிசல் பரவாயில்லை. நகம் மாட்டினால் தண்ணீரும் போகும்.

பலகையைத் திருப்பி ஃபின் பெட்டியைப் பாருங்கள். ஃபின்னை மாட்டி, அதன் நுனியைப் பிடித்து மெல்ல இரு பக்கமும் அசையுங்கள். பெட்டி அசைந்தாலோ, ஓரத்தில் மயிரிழை விரிசல் விரிந்தாலோ தள்ளுபடி கேட்காதீர்கள், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பெட்டி பழுதுபார்ப்பு செலவுள்ள வேலை.

அப்புறம் காற்றுத் திருகு. மேல்தளத்தில் நாணயம் அளவுக்கு ஒரு சின்னத் திருகு இருக்கும். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பலகையைப் பிளந்துவிடாமல் இருக்க அதைத் திறந்துவிட வேண்டும், கடலுக்குள் போகும்முன் மூட வேண்டும். விற்பவரிடம் கேட்டு, பலகை வெயிலில் இருந்திருந்தால் அந்தத் திருகைத் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்று வெளியேறினால் மகிழ்ச்சி அடையுங்கள், உள்ளே காற்று அடைபட்டு நின்றிருக்கிறது, ஓட்டை இல்லை. சந்தேகமான விரிசல் இருந்தால் திருகை மூடி, கொஞ்ச நேரம் வெயில் படவிட்டு, விரிசல்மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே ஓட்டை. பத்து நிமிடத்துக்கு மேல் வெயிலில் விடாதீர்கள், அடுத்தவர் பலகை.

கடைசியாக எடை. இதுதான் பலர் தவறவிடுவது. போன வருடம் ஒரு தம்பி என்னைப் பிடோக்கில் ஒரு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனான். வெள்ளை வெளேரென்று ஒரு பலகை, கீறல்கூட இல்லை. அவன் மனதுக்குள் வாங்கியே விட்டான். பலகையின் நடுவில் ஒரு பட்டையைச் சுற்றித் தராசில் தொங்கவிட்டோம், 9.4 கிலோ. அந்த மாதிரிக்கு நிறுவனம் சொல்லும் எடை 8.1. தயாரிப்பில் அரைக் கிலோ ஏறக்குறைய இருப்பது வழக்கம். 1.3 கிலோ என்றால் உள்ளே நுரைக்கட்டை தண்ணீர் குடித்திருக்கிறது. காற்றுத் திருகைக் கழற்றி, பலகையை ஒருச்சாய்த்துப் பின்பக்கத்தை உயர்த்திப் பிடித்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திருகு ஓட்டையில் ஒரு சொட்டு திரண்டது, பழுப்பு நிறத்தில். தம்பி அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. விற்ற பெரியவருக்கே அது தெரியாது. முகம் வாடிப்போய், "பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்" என்றார். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வெள்ளிகூடப் பெறாத வளையம்.

ஒட்டுப்போட்ட பலகை என்றால் வேண்டாமா?

எங்கே, எப்படி ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. மூக்கிலும் விளிம்பிலும் எபாக்ஸியால் ஒட்டி, தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால் நான் தயங்க மாட்டேன். பலகையை நேசித்த ஒருவர் வைத்திருந்தார் என்பதற்கு அது அடையாளம். ஒட்டின் நிறம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, பாலியெஸ்டர் பிசின். படகுகளுக்குப் பூசுவதை இங்கே பூசினால் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை கரைந்துவிடும், வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே குழி. தட்டிப் பார்த்தால் காட்டிக்கொடுக்கும். இரண்டு, பலகையின் குறுக்கே ஓடும் ஒட்டு. அது முறிந்து சேர்த்த பலகை.

பாய், மாஸ்ட், பூம் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்கிறார். எடுக்கலாமா?

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் எடுக்கலாம், அதுதான் மலிவும்கூட. பாயின் அடியில் மாஸ்ட் பக்க நீளம், பூம் நீளம், பரிந்துரைக்கும் மாஸ்ட் எல்லாம் அச்சிட்டிருக்கும். விற்பவர் தரும் மாஸ்ட் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 460 செ.மீ. மாஸ்ட் கேட்கும் பாயில் 430-ஐ நீட்டிப்புக் குழாய் போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். பாய் விரியும், ஆனால் வடிவம் வராது, கை வலிதான் மிஞ்சும். மாஸ்ட்டில் தடித்தது, மெலிந்தது என்று இரண்டு வகை. பூமின் வாய் எதைக் கவ்வும் என்றும் பாருங்கள்.

உங்கள் முன்னாலேயே பாயைக் கட்டச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த பாயின் கண்ணாடித்தாள் பகுதி அப்பளம்போல மொறுமொறுத்திருக்கும், ஒரு விழுதலில் கிழியும். தைத்த இடங்களில் நூலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கட்டி முடித்ததும் அவிழ்க்கவும் சொல்லுங்கள். மாஸ்ட்டின் இரண்டு துண்டும் மணல் புகுந்து ஒட்டிக்கொண்டு பிரியாமல் போவது இங்கே சகஜம். இரண்டே கால் மீட்டர்த் துண்டுகளாகப் பிரியாவிட்டால் நாலரை மீட்டர் கம்பத்தை எதில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்?

60 முதல் 75 கிலோ உள்ளவர்கள் 6.5 சதுர மீட்டரில் தொடங்குங்கள். ஒரு வருடம் கழித்து 7.5 சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். மாஸ்ட்டையும் பலகையையும் இணைக்கும் வளையும் ரப்பர் மூட்டு. அது கடலில் அறுந்தால் பாயும் நீங்களும் பலகையும் வெவ்வேறு திசைக்குப் போவீர்கள். புதியது வாங்குங்கள். உங்கள் நீட்டிப்புக் குழாய் ஊசி வகையா, கிண்ண வகையா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது.

பிற்காலத்தில் ஃபாயில் போடலாம் என்று "ஃபாயில் ரெடி" பலகையாகத் தேடவா?

இப்போது வேண்டாம். ஃபாயில் என்பது ஃபின்னுக்குப் பதிலாக மாட்டும், நீண்ட தண்டின் நுனியில் இறக்கை உள்ள பாகம், பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். நம் மெல்லிய காற்றுக்கு அது அருமையானது, நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் திரும்பி வந்து சேருவதும் ஹார்னஸும் கால்வாரும் படிந்தபின் அதற்கு வாருங்கள். அப்போது அதற்கென்றே ஒரு பலகை பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சாதாரண ஃபின் பெட்டியில் ஃபாயிலை மாட்டாதீர்கள். நீண்ட தண்டின் நெம்புவிசை பெட்டியைப் பெயர்த்துவிடும். முன்னவர் அப்படி மாட்டியிருந்தாரா என்று வாங்கும்போது கேளுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

நான் எனக்கு வைத்திருக்கும் வரம்பைச் சொல்கிறேன். பழுதில்லாத அகலப் பலகைக்கு, ஃபின்னோடு, 300 முதல் 600 வெள்ளி. பாய், மாஸ்ட், பூம் எல்லாம் பொருந்தி, உடனே கடலில் இறக்கக்கூடிய நிலையில் இருந்தால் 1,000 வெள்ளிவரை போவேன். அதற்கு மேல் கேட்டால், நல்ல பொருளாகவே இருந்தாலும், தேறிவரும் ஒருவருக்கு அது தேவையில்லை. இன்னும் நூறு முறை மூக்கை இடிக்கப்போகிற பலகை இது.

காலம் பார்த்து வாங்குங்கள். பிப்ரவரியில் எல்லோருக்கும் ஆசை வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் விற்பவர்களுக்குப் பொறுமை குறையும். ஜூனிலும் டிசம்பரிலும் வேலை முடிந்து நாடு திரும்புபவர்கள் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். நியாய விலை கொடுத்தால் ஹார்னஸ், கயிறு, உதிரி ஃபின் என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் சேர்த்துத் தந்துவிடுவார்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இதை எங்கே வைப்பது?

வாங்குவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி. உங்கள் கரையில் உள்ள மையத்தில் பலகை அடுக்கில் இடம் இருக்கிறதா, மாத வாடகை எவ்வளவு, மன்ற உறுப்பினராக இருக்க வேண்டுமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் பலகை தேடுங்கள். இடம் கிடைக்கக் காத்திருக்க நேர்ந்தால் காத்திருங்கள். கரையில் இருக்கும் பலகைதான் அடிக்கடி கடலுக்குப் போகும்.

வீட்டுக்கே கொண்டுபோவதாக இருந்தால் மின்தூக்கியின் உட்புறத்தை மூலைக்கு மூலை அளந்துகொள்ளுங்கள். 293 செ.மீ. பலகை மாடிப்படியில் திரும்புமா என்பதையும் பாருங்கள். பொது நடைபாதையில் வைக்க நினைத்தால், தீயணைப்பைப் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலியில் போகும் பாட்டி இருந்தால் விதியைப் பார்க்க வேண்டாம், வைக்காதீர்கள். படுக்கையறைச் சுவரில் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு தாங்கிகள் அடிப்பது நல்ல வழி. ஒரு வருடம் என் பலகை பூஜை அலமாரிக்கு மேலே இருந்தது, அம்மா தினமும் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினார்.

நானும் மகளும் ஒரே பலகையைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பலகையைக் கனமானவருக்கு வாங்குங்கள், பாயைத் தனித்தனியாக வாங்குங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 4 சதுர மீட்டருக்குள் ஒரு சின்னப் பாய். பூம் பிடி பருமனாக இருந்தால் பிள்ளையின் விரல் சுற்றிவராது, மெல்லிய பூம் பாருங்கள்.

வாங்கியாயிற்று. முதல் நாள் என்ன செய்ய?

காற்றுத் திருகின் ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு, கையால் இறுக்குங்கள். கால்வார்களைக் கழற்றி வையுங்கள், இப்போதைக்குத் தடுக்கிவிடத்தான் உதவும். காலையில் மேற்கே வானம் கறுத்திருந்தால் போகாதீர்கள். சுமத்ராக் காற்று என்று நாம் சொல்லும் இடிமழை வரிசை விடியலிலும் காலையிலும்தான் மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் அடித்துவிட்டுப் போகும். இடி கேட்டால் யாராக இருந்தாலும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

அலைதடுப்புக் கற்களுக்கு உள்ளேயே ஒரு மணி நேரம் போய்த் திரும்புங்கள். முதலில் காற்று வரும் திசையை நோக்கி ஏறிப்போங்கள், களைத்தபின் காற்றோடு வருவது சுலபம். கரையேறியதும் நல்லதண்ணீரில் கழுவி, நிழலில் ஈரம் காயவிட்டு, வாங்கிய அன்று தொங்கவிட்ட அதே தராசில் மறுபடி தொங்கவிடுங்கள். எடை அப்படியே இருந்தால் திருகைத் தளர்த்திவிட்டு உறையில் போடுங்கள். நூறு கிராம் ஏறியிருந்தால் அன்றே சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தேடத் தொடங்குங்கள், அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.